ஐம்பது லக்ஸ் போதுமா?

சாயத்துணியை வெயில் தின்னும் என்பதைப் பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலோரம் மாதக்கணக்கில் மடித்துக் கிடந்த பாத்தேக் கைலியை விரித்துப் பாருங்கள்: வெளியே தெரிந்த பக்கம் வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்த நீலம் அப்படியே இருக்கும். நடுவில் கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை. பாத்தேக் ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பவர்களின் சிக்கல் முழுவதும் அந்தக் கோட்டில் தெரிகிறது.

பாத்தேக் ஓவியம் பினாங்கு மண்ணில் வளர்ந்த கலை. கைலிக்குரிய மெழுகையும் சாயத்தையும் எடுத்துக்கொண்டு 1950களில் ஓவியர் சுவா தியன் தெங் இங்கே படம் வரைந்தார். ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் தெருவில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. எண்ணெய் ஓவியத்தில் நிறத்தைக் காக்க ஓர் எண்ணெய்ப் படலமாவது உண்டு. பாத்தேக்கிலோ நூலில் ஊறிய சாயம்தான் எல்லாமே.

அருங்காட்சியக உலகம் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது: எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ், துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). இந்த விதியின் பெரிய பலம் எளிமை. கையில் ஓர் ஒளிமானி இருந்தால் காவலரே சரிபார்த்துவிடலாம். ஜன்னல்களுக்குத் திரை வந்ததும், கண்ணாடிகளில் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டப்பட்டதும் வெளிச்சம் கெடுக்கும் என்ற விழிப்பால்தான். வெயில் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகமே சாட்சி. 1964இல் அங்குள்ள உணவுக்கூடத்தில் மாட்டிய, ஓவியர் மார்க் ரோத்கோவின் சிவப்பு ஓவியங்கள் வெளுத்துப்போய், 1979இல் கழற்றப்பட்டன.

ஆனால் சாயம் வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் சேர்த்தே கணக்கு வைக்கிறது. ஒளியூட்டலுக்கான பன்னாட்டு ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டி, மிக எளிதில் மங்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்று வரம்பு வைத்தது. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், 50 லக்ஸ் என்று பெருக்கிப் பாருங்கள்: 1,20,000. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கூடமே வரம்பை எட்டு மடங்கு தாண்டுகிறது! எல்லாச் சாயமும் அவ்வளவு மென்மையானதல்ல என்பது உண்மை. அப்படியானால் எல்லாத் துணிக்கும் ஒரே எண் என்பதும் தவறுதானே?

இன்னொரு குறை எனக்கு அதிகம் வலிக்கிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பினாங்குப் பாலம் கடந்து, வெயிலில் நடந்து வரும் ஒரு பாட்டி திடீரென்று 50 லக்ஸ் கூடத்தில் நுழைந்தால், மெழுகு வெடித்த இடத்தில் சாயம் ஓடிய மயிரிழைக் கோடுகள் அவருக்குத் தெரியவே தெரியாது. பாத்தேக்கின் உயிரே அந்தக் கோடுகள்தான். துணியும் மங்குகிறது, பார்க்க வந்தவருக்கும் பார்வை கிட்டவில்லை.

எல்இடி விளக்கு மாட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்பவர்கள் உண்டு. எல்இடியில் புற ஊதாக்கதிர் அநேகமாக இல்லை, சூடும் குறைவு. என்றாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே சாயத்தை வெளுக்கப் போதும்.

ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கே இங்கு பொருந்தும். பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடம் 150 லக்ஸ், பிறகு இருட்டு. ஒரு முறைக்கு 2.5 லக்ஸ்-மணிதான் செலவு. அதே 15,000த்தில் ஆண்டுக்கு 6,000 முறை நன்றாகப் பார்க்கலாம். நுழைவாயிலிலிருந்து படிப்படியாக வெளிச்சத்தைக் குறைத்துக் கண்ணைப் பழக்குவதும் உதவும்.

கூட்டம் மொய்க்கும் விடுமுறை நாளில் இது பலிக்காது, விளக்கு அணையவே அணையாது. அப்போது சில மாதத்துக்கு ஒருமுறை ஓவியங்களை மாற்றி மாட்ட வேண்டும். ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில், கழற்றிக் கிடங்கில் வைத்த துணிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரப்பதத்தை அடக்கிய அறை இல்லாமல் ஓய்வு கொடுப்பது, வெயிலுக்குத் தப்பியதைப் பூஞ்சைக்குக் கொடுப்பதாகும். சிறிய கூடங்களுக்கு உதவ நினைப்பவர்கள் விளக்குக்கு முன் அந்த அறைக்குப் பணம் தரட்டும். எந்த ஓவியம் எந்த மாதம்வரை தொங்கும் என்று கூடத்தார் முன்னதாக அறிவித்தால், தூரத்திலிருந்து வருபவர்கள் நாள் பார்த்து வருவார்கள்.