தொடக்கமும் முடிவும்: ஒரு சதுரங்க ஆட்டம் பற்றிய நோக்கு

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே கவ்வாத்தின் நன்மை தீமை கத்தி பட்ட அன்றே புலனாவதில்லை. மாதங்கள் கழிந்து, தளிர்த்த செடியிற் கொழுந்தெடுக்கும்போதே அது தெரியவரும். சதுரங்கத்தின் தொடக்க நகர்த்தல்களும் அத்தகையனவே. ஆயினும் சதுரங்கம் பயில்வோர் பலர் முதற் பத்து நகர்த்தல்களை வாய்பாடுபோல் மனனஞ்செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். இப்பயிற்சி முறையின் குறைபாட்டை, சிங்கப்பூரில் 2024 டிசெம்பர் 12ஆம் திகதி நடைபெற்ற உலக வாகைப் போட்டியின் 14ஆவது ஆட்டம் தெளிவாக உணர்த்துகின்றது.

சென்னையைச் சேர்ந்த 18 வயதுக் குகேஷும் அன்றைய உலக வாகையரான சீனத்து டிங் லிரெனும் அதுவரை தலா 6½ புள்ளிகள் பெற்றிருந்தனர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை ஜி2 கட்டத்தில் அமர்த்தினார். அங்கிருந்து ஏ8 வரை செல்லும் நெடிய மூலைவிட்டம் அதன் ஆட்சிக்குட்பட்டது. இத்தொடக்கத்திற் குறை காண்பதற்கில்லை. ஆனால் 29ஆவது நகர்த்தலில் காலாளொன்றை விட்டுக்கொடுத்து அரசிகளை மாற்றிக்கொண்டபோது, வெற்றியன்று, சமநிலையே அவரது நாட்டம் என்பது வெளிப்பட்டது.

55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டையை எஃப்2இல் வைத்த பிழையே அனைத்துக்கும் காரணம் என்றும், குகேஷின் வெற்றி தற்செயலானது என்றும் கூறுவோருளர். முன்னாள் வாகையர் கிராம்னிக்கும் ஆட்டத்தின் தரத்தைக் குறைகூறினார். பிழை பிழையே. எனினும் அது தனித்து நின்றதன்று. இரண்டு நகர்த்தல்களுக்கு முன்பே டிங் தம் மந்திரியை பி7இலிருந்து ஏ8 மூலைக்கு நகர்த்தியிருந்தார். மூலையில் நிற்கும் மந்திரிக்கு வழி ஒன்றே. குகேஷ் கோட்டைகளை மாற்றி, தம் மந்திரியை டி5இல் நிறுத்தி அவ்வழியை அடைத்தார். மந்திரிகளும் மாறின; எஞ்சிய காலாள் ஆட்டத்தில் வெள்ளைக்கு மீட்சி இல்லை. மந்திரி பி7இலேயே இருந்திருப்பின் விலகிச்செல்ல வேறு வழி இருந்திருக்கும். தொடக்கத்தில் அதற்கு வலிமை தந்த மூலைவிட்டமே முடிவில் அதற்குச் சிறையாயிற்று.

மூன்று காலாட்கள் இரண்டை எதிர்த்த அந்நிலையைப் பலரும் சமநிலையென்றே கருதினர். குகேஷ் அதனை அவ்வாறு முடித்துக்கொள்ளவில்லை. பிழை நேர்வதற்கான களத்தை அவரது பொறுமை நீட்டித்தது; ஆதலால் அவ்வெற்றியைத் தற்செயல் எனல் பொருந்தாது.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டப்புற மாணவர்க்கு இதிலொரு பாடமுண்டு. தொடக்கங்களைத் தொகுத்த விலையுயர்ந்த நூல்கள் கிட்டாமை கற்றலுக்குத் தடையாகாது. ஒரு பலகையும் முழுமையான ஓர் ஆட்டக்குறிப்பும் போதும். இறுதி நிலையிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஒவ்வொரு காயும் அங்கு வந்தடைந்த வழியை ஆராய்பவரே தொடக்கத்தின் பொருளை உணர்வர்.