பள்ளி இல்லை என்றால் எங்கே போயிற்று?

கிள்ளானில் அக்கா வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு குதிரைக் காலண்டர் தொங்குகிறது. பந்தய நாட்களுக்குக் குட்டிக் குதிரைப் படம் போட்ட, மலேசிய வீடுகளுக்கு நன்கு பழகிய அதே மாதத் தாள். பந்தயத்தின் பக்கமே போகாத அக்கா அதில் வேறு கணக்கு வைத்திருக்கிறார். இரவு பல் துலக்கியதும் மகன் வந்து அன்றைய கட்டத்தில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடுவான். தவணை முடிய இன்னும் எத்தனை கட்டம் என்று விரல் வைத்து எண்ணுவான். அவனுக்கு ஆட்டிசம்.

இந்த நாள் எண்ணும் முறையைச் சிகிச்சையாளர்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் தயங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1943இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் நேற்றுபோலவே இருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பைக் குறித்திருக்கிறார். விடியற்காலை வேன், ஜன்னலோர இருக்கை, இடைவேளைக்கு அதே மீகோரெங். இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோவதைத்தான் நாம் 'ஜாலி, லீவு' என்கிறோம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சுவரில் இருக்கும் கட்டம் போகாது. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குக் கண்ணுக்கே சொல்ல வேண்டும் என்பதை எரிக் ஷோப்ளர் வட கரோலினாவில் முழுக் கல்வி முறையாகவே ஆக்கினார். டீச் எனப்படும் அந்தத் திட்டம் 1972இல் மாநிலம் தழுவியதாயிற்று. அக்காவின் காலண்டர் அதன் ஏழைத் தங்கச்சி. வேலையும் செய்கிறது: முன்பெல்லாம் விடுமுறையின் முதல் நாள் காலையில் சீருடை போட்டுக்கொண்டு கேட்டைப் பிடித்து அழுதவன், இப்போது அப்படி அழுவதில்லை.

ஆனால் எண்ணிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது? சில ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கட்டத்திலும் குறி விழுந்த இரவு, "நாளைக்குப் பள்ளி இல்லடா" என்றார் அக்கா. அவன் தூங்கவில்லை. "பள்ளி இல்ல, பள்ளி இல்ல" என்று விடியவிடியச் சொல்லிக்கொண்டிருந்தான். காலையில் வேறு வழியில்லாமல் காரில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுபோனோம். பூட்டிய கேட். காவலுக்கு இருந்த ஜாகா எட்டிப் பார்த்தார். பையன் கம்பிக்குள் கை விட்டுப் பெயர்ப்பலகையின் தூணைத் தொட்டான், கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான், "இருக்கு" என்றான். வீட்டுக்கு வந்து தூங்கினான். தமிழில் 'பள்ளி இல்லை' என்றால் விடுமுறை என்றும் பொருள், பள்ளியே இல்லாமல் போயிற்று என்றும் பொருள். நமக்குக் குழப்பமில்லை. சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவனுக்கு அது இடிவிழுந்த செய்தி. எப்போது முடியும் என்பதைத் துல்லியமாகச் சொன்ன காலண்டர், முடிந்தபின் அது எங்கே இருக்கும் என்பதைச் சொல்லவே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'சமூகக் கதை': நடக்கப்போவதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே விவரித்துச் சொல்லும் சின்னக் கதை. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதன் பலனைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் கலவையாகவே பேசுகின்றன. ஒரு பிள்ளைக்குக் கைகொடுப்பது அடுத்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் அது எடுபடாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. பதிவிறக்கிய கதை ஆங்கிலத்தில், மஞ்சள் பேருந்தும் பனிமனிதனுமாக இருக்கும். தாங்களே எழுதினாலோ, 'அழக்கூடாது, அம்மா பேச்சைக் கேட்கணும்' என்று அது கட்டளைப் பட்டியலாகிவிடும். நடப்பதை விவரிக்கும் வாக்கியங்கள்தான் மிகுந்திருக்க வேண்டும் என்பது கிரே வைத்த விதி. நாம் தலைகீழாகச் செய்துவிட்டுப் பலனில்லை என்கிறோம்.

இதெல்லாம் வீட்டின் பங்கு. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. காலண்டரில் இன்னும் பன்னிரண்டு பள்ளி நாள் இருக்கும். பள்ளியில் பள்ளி முடிந்திருக்கும். ஆண்டிறுதித் தேர்வு போன மறுநாளே கால அட்டவணை செத்துவிடுகிறது. பரிசளிப்பு விழா ஒத்திகைக்கு மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறும். கோத்தோங் ரோயோங் துப்புரவு என்று மேசைகள் வராந்தாவுக்கு வரும். இரவல் பாடநூல்களைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், பையின் கனம் போய்விடும். ஒருநாள் திடீரென்று வகுப்பில் ஜாமுவான் விருந்து. மற்றவர்களுக்குக் கொண்டாட்டம், காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போகிறவனுக்கு? கடைசி நாளுக்கு அவனைப் பழக்கிய நாம், கடைசி இரண்டு வாரத்துக்குப் பழக்கவில்லை. ஆசிரியர்களைக் குறைசொல்லி என்ன, அவர்களுக்கு அந்த வாரங்களில் மதிப்பெண் பதிவே தலைக்கு மேல்.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றோருக்கு மஞ்சள் தடக்கல் பதித்திருக்கிறார்கள். கைத்தடி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததோடு விடாமல், பாதையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். பள்ளியும் அப்படிக் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை வந்ததில் பள்ளி வாசல் அகன்றது. பிபிகேஐ எனும் சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தனிக் கல்வித் திட்டமும் எழுதுகிறார்கள். அதில் தவணையின் கடைசி இரு வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்: ஒத்திகை எந்த நாள், அந்த நேரம் இவன் எங்கே இருப்பான், புத்தகம் எப்போது போகும். செலவு ஒரு தாள்.

காலண்டரின் கறார்த்தன்மையும் சில நேரம் எதிரியாகிறது. 2019இல் புகைமூட்டத்தால் இங்கே பள்ளிகளை மூடினார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் வீடுகளே மூழ்கின. சிவப்புக் குறி இதற்கெல்லாம் வாக்குறுதி தர முடியாது. அக்கா இப்போது ஒரு நீல அட்டை வைத்திருக்கிறார். 'மாற்றம்' என்று எழுதியது. ஒன்றும் நடக்காத வாரத்திலும் வேண்டுமென்றே ஒருமுறை ஒட்டுவார், சாப்பாட்டு நேரத்தை அரை மணி தள்ளிவைப்பதுபோலச் சின்னதாக.

பெருந்தொற்றுக்குப் பின் மார்ச்சுக்குப் போன கல்வியாண்டு, 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. சிலாங்கூரில் பள்ளி திறந்தது ஜனவரி 12. குதிரைக் காலண்டரோ டிசம்பர் 31இல் முடிந்துவிடும். நடுவில் தாளே இல்லாத சுவர். அதனால் நவம்பரிலேயே புதுக் காலண்டர் வாங்கி, பழையதன் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினார் அக்கா. பன்னிரண்டாம் கட்டத்தில் பள்ளிக் கட்டடத்தின் படம். அவன் "இருக்கு" என்று சொன்ன அன்று கேட்டுக்கு வெளியே நின்று நான் எடுத்தது.