பிரேக்குக்கும் மதிப்பெண் வேண்டும்

வாகனப் பந்தய வீடியோ விளையாட்டுகளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. 1974இல் அட்டாரி நிறுவனம் கொண்டுவந்த ‘கிரான் டிராக் 10’ என்ற இயந்திரத்தில் ஒரு ஸ்டியரிங், ஒரு கியர், காலுக்கு இரண்டு பெடல்கள், திரையில் ஓடும் கடிகாரம் ஆகியவை இருந்தன. ஒரு பெடல் வேகமெடுக்க, மற்றொன்று வேகத்தைக் குறைக்க. அதன்பின் எத்தனையோ மரபுகள் சேர்ந்துவிட்டன. லேப் கணக்கு, செக்பாயிண்ட், டிரிஃப்ட், நைட்ரோ, கேரேஜ், புதுக்கார் வாங்க நாணயம் என்று எந்த விளையாட்டைத் திறந்தாலும் அதே உறுப்புகள்தான். ஆனால் முதல் பெடலுக்குக் கிடைத்த உழைப்பும் கற்பனையும் இரண்டாவது பெடலுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பந்தய விளையாட்டு பிரேக்கை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

இதை எழுதத் தூண்டியது குன்னத்தூர். பெருமாநல்லூரிலிருந்து கோபி போகும் சாலையில் இருக்கும் ஊர். காலையும் இரவும் பனியன் கம்பெனி வேன்கள் இந்தச் சாலையில் ஆட்களை ஏற்றியிறக்கிப் போகின்றன. ஷிப்ட் முடித்து வேனில் ஏறும் பையன்களின் கையில் ஃபோன் இருக்கும், ஃபோனில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு மூத்த தலைமுறை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ‘ரோடு ரேஷ்’ ஆடியது. இவர்களுக்குக் கணினியும் வேண்டாம், காசும் வேண்டாம். உழைப்பு நேரமெல்லாம் பவர் டேபிள், ஓவர்லாக் தையல் இயந்திரங்களுக்குப் போய்விட, மிஞ்சும் அரைமணி நேரத்தில் ஆடப்படும் விளையாட்டு இது. அந்த அரைமணிக்கு அது என்ன தருகிறது என்று கேட்பது வீண் ஆராய்ச்சியல்ல.

முதலில் நிறைகள். பந்தய விளையாட்டுக்கு மொழி தடையில்லை. சாலை தெரிகிறது, போக வேண்டும், மற்றவனை முந்த வேண்டும். படிக்காதவரும் பத்து நொடியில் புரிந்துகொள்வார். விதி எல்லோருக்கும் ஒன்று, முடிவு கண்ணெதிரே. இவ்வளவு தெளிவு வேறு வகை விளையாட்டுகளில் அரிது.

அடுத்தது, அது கற்றுத்தரும் விதம். பல விளையாட்டுகளில் நேரப் பந்தயம் என்றொரு முறை உண்டு. நீங்கள் முன்பு ஓட்டிய சிறந்த சுற்று கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஒரு காராக உங்களுக்கு முன்னால் ஓடும். 1992இன் ‘சூப்பர் மரியோ கார்ட்’டிலேயே இந்த நிழல் வண்டி வந்துவிட்டது. எந்த வளைவில் அது உங்களை விட்டுப் பிரிகிறதோ, அங்கேதான் உங்கள் தவறு. திட்டுவதற்கு ஆளில்லை, சமாதானம் சொல்லவும் ஆளில்லை. பல நேரம் காரணம் ஒன்றாகவே இருக்கும்: பிரேக்கைத் தாமதமாகப் பிடித்திருப்பீர்கள். முன்கூட்டியே வேகம் குறைத்து, வளைவின் உள்விளிம்பைத் தொட்டு, சீக்கிரம் ஆக்சிலேட்டரை மிதித்தவன் வளைவைவிட்டு வேகமாக வெளியேறுவான். நிதானம்தான் வேகத்தைத் தருகிறது என்ற பாடத்தை உடம்பில் ஏற்றிவிடும் மரபு இது.

இதை முறைப்படி செய்து காட்டியது 1997இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’. கசுனோரி யமவுச்சி தலைமையில் உருவான அந்த விளையாட்டில் பெரிய பந்தயங்களுக்குப் போவதற்கு முன் உரிமத் தேர்வில் தேற வேண்டும். அதன் முதல் தேர்வே புறப்பட்டு, குறித்த எல்லைக்குள் வண்டியை நிறுத்துவதுதான். உலகெங்கும் கோடிக்கணக்கானோரை ஈர்த்த ஒரு பந்தய விளையாட்டு, நிற்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் ஓட விட்டது. இந்தப் பயிற்சிக்கு நிஜத்திலும் மதிப்புண்டு என்பதற்குச் சான்று ஜான் மார்டன்பரோ. நிசானும் சோனியும் நடத்திய ஜி.டி. அகாடமி போட்டியில் 2011இல் வென்ற அந்தப் பிரிட்டிஷ் இளைஞர், விளையாட்டுக் கருவியிலிருந்து நேராகப் பந்தயக் காருக்குப் போனார். 2013இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் அவரும் ஒருவர்.

நம் பக்கத்துக்கு இதன் பொருள் பெரிது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டினார். கோவை செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் இருக்கிறது. குன்னத்தூரிலிருந்து போய்ப் பார்த்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அந்த டிராக்கில் பழக வண்டி வேண்டும், டயர் வேண்டும், பணமும் ஓய்வும் வேண்டும். தினக்கூலிக்கோ பீஸ் ரேட்டுக்கோ தைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. அதே பிள்ளை வளைவின் கணக்கைத் தொட்டுப் பார்க்க ஒரே வழி இந்த விளையாட்டுதான். பந்தய விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிக் குறைகள். வேனில் வரும் செக்கிங் பிரிவுப் பையன் ஒருவனிடம், ஆடும் விளையாட்டில் பிடிக்காதது என்ன என்று கேட்டேன். “எவ்வளவு தூரம் தள்ளி விட்டாலும் கடைசி ரவுண்டுல வந்து ஒட்டிக்கிறானுங்ணா. நம்ம ஓட்டறதுக்கு மருவாதியே இல்லீங்ணா” என்றான். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இரண்டே வரியில் சொல்லிவிட்டான்.

அவன் சொன்னது, கணினி ஓட்டும் எதிராளிகளை ரப்பர் போட்டு இழுத்ததுபோல் நம்மோடு கட்டிவைக்கும் மரபு. நாம் முந்தினால் அவர்களுக்கு வேகம் கூடும், பின்தங்கினால் குறையும். கடைசிவரை விறுவிறுப்பு இருக்கும், உண்மைதான். ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவர் கூடுதலாகத் தைத்த பிறகும் எல்லோருக்கும் ஒரே கூலி என்று அறிவித்தால் எப்படியிருக்கும்? முதல் இரண்டு சுற்றில் நிதானமாகப் பிடித்த ஒவ்வொரு பிரேக்கையும் இந்த மரபு செல்லாக்காசாக்கிவிடுகிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ‘மரியோ கார்ட்’ போன்றவற்றில் பின்தங்கியவருக்கு வலுவான ஆயுதம் கிடைப்பது வெளிப்படையான விதி. முதலிடத்தில் இருப்பவரைத் தேடிச்சென்று தாக்கும் நீல ஓடு 1996இன் ‘மரியோ கார்ட் 64’இல் வந்தது. பெரியவரும் சிறுவரும் சேர்ந்து ஆடும்போது அந்தச் சலுகை அழகானது, எல்லோரும் அறிந்து ஏற்றது. கண்ணுக்குத் தெரியாமல் எதிராளியின் வேகத்தைத் திருத்துவதோ ஏமாற்று.

இரண்டாவது குறை, மோதலுக்கு விலையில்லாமை. பழைய ‘ரோடு ரேஷ்’ அடிதடி விளையாட்டுதான். உதைப்பதும் சங்கிலியால் அடிப்பதும் அதில் உண்டு. ஆனாலும் ஒரு நேர்மை இருந்தது. மோதித் தூக்கியெறியப்பட்டால், விழுந்தவன் எழுந்து, வண்டி கிடக்கும் இடம்வரை ஓடிப்போய் ஏற வேண்டும். அந்த ஓட்டத்தில் நாலுபேர் முந்திவிடுவார்கள். தவறின் விலை கண்முன்னே கழியும். இன்றைய ஃபோன் விளையாட்டுகள் பலவற்றில் கார் சுவரில் மோதி நொறுங்கும், கண்மூடித் திறப்பதற்குள் புத்தம்புதிதாகச் சாலை நடுவில் நிற்கும். ‘கிரான் டூரிஸ்மோ’வும் இங்கே தப்பவில்லை. முதல் பதிப்பில் சுவரில் மோதினாலும் காரில் கீறல் விழாது. ஆகவே சுவரில் உரசியே வளைவைக் கடப்பதை ஒரு உத்தியாகவே பலர் பழகினார்கள். உரிமத் தேர்வில் கற்ற பிரேக்கைப் பந்தயத்தில் மறக்கச் செய்தது அந்த ஒரு குறை.

பிரேக்கின் வேலையையே மாற்றிவிட்ட மரபும் உண்டு. ‘அஸ்பால்ட்’ வரிசையில் பிரேக்கைத் தொட்டால் கார் பக்கவாட்டில் சறுக்கும், சறுக்கினால் நைட்ரோ நிரம்பும். வேகம் குறைக்க வந்த பெடல் வேகம் கூட்டும் பொத்தானாகிவிட்டது. 2018இல் வந்த ‘அஸ்பால்ட் 9’இல் ஸ்டியரிங்கையும் விளையாட்டே பார்த்துக்கொள்ளும் வசதி வந்தது. கண்ணுக்கு விருந்துதான், கைக்கு வேலையில்லை. திறமை குறைந்த இடத்தைப் பணம் பிடித்துக்கொள்கிறது. நல்ல காருக்குத் துண்டு துண்டாக அட்டை சேர்க்க வேண்டியிருந்தது, எரிபொருள் நிரம்பக் காத்திருக்க வேண்டியிருந்தது, பொறுமையில்லாதவர் காசு கட்டலாம். தோற்றவனுக்குத் தான் வளைவில் தவறினோமா, கேரேஜில் தவறினோமா என்பதே தெரியாமல் போகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. ‘டிராஃபிக் ரேசர்’, ‘டிராஃபிக் ரைடர்’ போன்றவை சாதாரணச் சாலையில் மற்ற வண்டிகளுக்கு நடுவே ஓட்டுபவை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது அடுத்த வண்டியை உரசுவதுபோல் முந்தினால் கூடுதல் மதிப்பெண். இருவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஏறி ஓட்டினால் அதற்கும் தனி வெகுமதி. பிரேக் பிடித்தால் எதுவும் கிடைக்காது. இந்த விதிகளை அப்படியே பெருமாநல்லூர்–கோபி சாலையில் வைத்துப் பாருங்கள். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் கணக்கு சொல்கிறது. விளையாட்டுதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. குழியும் இருட்டும் குடியும் அவசரமும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கின்றன. என் வாதம் சிறியது: ஒரு விளையாட்டு எதற்கு மதிப்பெண் தருகிறதோ அதைத்தான் அது போற்றுகிறது. மயிரிழையில் தப்புவதைப் போற்றும் விளையாட்டில் சாலையில் வரும் மற்றவர் ஆளே இல்லை, உரசிப் போகக் கிடைத்த பொருள்.

இங்கேதான் நம்மூர்ப் பையன்களே கண்டுபிடித்த மாற்று கவனத்துக்கு உரியது. மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017இல் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வை வெளியிட்டது. இந்தோனேசியாவிலும் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். மேலைநாட்டு விளையாட்டுகள் பலவற்றில் கிடைக்காத இந்தப் பொருத்தம் நம் ஆட்களுக்கு வசதியாகிவிட்டது. பஸ்ஸின் மேற்பூச்சை நாமே வரைந்து ஏற்றலாம் என்றதும், அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளும் தங்கள் ஊர் வழியே போகும் தனியார் பஸ்களும் எழுத்து, கோடு, ஹாரன் உட்பட அதில் ஓடத் தொடங்கின. ஃபோனிலேயே அளவெடுத்து, எழுத்துருவைத் தேடி, முன்கண்ணாடியின் சாமி பெயர்வரை வரைகிறார்கள். அது கைத்தொழிலுக்கு நிகரான வேலை.

இந்த விளையாட்டின் உயிர்நாடி நிறுத்தம். பயணிகளை ஏற்ற நிறுத்த வேண்டும், கதவு திறக்க வேண்டும், இண்டிகேட்டர் போட வேண்டும். நிற்கத் தெரியாதவனுக்கு இங்கே வருமானமில்லை. குறையும் உண்டு. வண்டி நம்முடையதானாலும் ஓடும் சாலை இந்தோனேசியாவுடையது. நம்மூரில் ‘டைமிங்’குக்காகத் தனியார் பஸ்கள் முந்தியடிப்பதையும் சிலர் அப்படியே இதில் ஓட்டி வீடியோ போடுகிறார்கள். கடிகாரத்தை எதிரியாக்கும் பந்தய மரபு நிஜச் சாலையிலும் கிளைவிட்டிருப்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

சிக்கனமாகவும் நல்லதைச் செய்யலாம் என்பதற்கு ‘ஹில் கிளைம்ப் ரேசிங்’ போதும். பின்லாந்தில் உருவாகி 2012இல் வந்த அது, விலை குறைந்த ஃபோனிலும் ஓடும். இரண்டே பெடல்கள். வண்டி காற்றில் எழும்பினால் ஆக்சிலேட்டர் மூக்கைத் தூக்கும், பிரேக் மூக்கைத் தாழ்த்தும். இரண்டும் சமமாகத் தேவை. அவசரப்பட்டால் வண்டி குப்புற விழும், ஆட்டம் அங்கேயே முடியும். ஏமாற்றும் எதிராளியும் இல்லை, புத்தம்புதிதாக முளைக்கும் வண்டியும் இல்லை.

ஆக, இந்த வகையைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே தலைமேல் வைக்கவும் வேண்டாம். நிழல் வண்டியும் உரிமத் தேர்வும் நிறுத்தங்களும் ஆடுபவரை மதிக்கும் மரபுகள், காப்பாற்றத் தக்கவை. மறைவான ரப்பர் இழுப்பும் விலையில்லா மோதலும் உரசலுக்கு வெகுமதியும் கைவிடத் தக்கவை. தமிழ்நாட்டில் இன்று விளையாட்டு உருவாக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்: கம்பெனி வேனும் டவுன் பஸ்ஸும் மொபெட்டும் மாட்டு வண்டியும் ஒன்றாகப் போகும் நம் சாலையை ஒரு விளையாட்டாக்குங்கள். அதில் சரியான இடத்தில் பிடிக்கும் பிரேக்குக்கு, முந்துவதற்குத் தரும் அதே மதிப்பெண்ணைக் கொடுங்கள். அந்தச் சாலையை நன்றாக அறிந்த பிள்ளைகள் அதை ஆடுவார்கள். விறுவிறுப்பும் குறையாது, ஏனென்றால் நம் சாலையில் நேரத்துக்கு நிற்பதைவிடக் கடினமான வித்தை வேறில்லை.