கணக்கும் அதிகாரமும்

நம் பள்ளிக்கூடங்களில் கணித வரலாறு என்பது பெயர்ப்பட்டியல். ஆரியபட்டர், பிதாகரஸ், ராமானுஜன். படம், பிறந்த வருஷம், சாதனை. அவர்கள் எழுதிய ஒரு வரியைக்கூட மாணவர் படிப்பதில்லை. பிரதி இல்லாத வரலாறு துதிபாடலாகத்தான் முடியும்.

இதற்கு மாற்று உண்டு. மூலப் பிரதியையே மாணவர் கையில் கொடுத்து, வரிகளுக்கு நடுவே கேள்விகளை வைத்து வாசிக்கச் செய்வது. அமெரிக்காவில் 2015இல் தொடங்கிய ட்ரையம்ப்ஸ் திட்டம் கல்லூரிக் கணித வகுப்புகளுக்கு இதைத்தான் செய்தது. நம்மிடம் இதற்கான பிரதி இல்லையா? காரிநாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1998இல் பதிப்பித்தும் விட்டது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு வகுப்பில் யாரும் அதைக் காட்டவில்லை. செய்யுள் என்றாலும் 'இலக்கியம்' இல்லையாம்.

இந்த நூலைத் தொடுகிறவர்கள் இரண்டு விதம். 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மேடையில் முழங்குகிறவர் ஒருவர். 'வெறும் மனப்பாடம், நிரூபணம் எங்கே?' என்று ஒதுக்குகிறவர் இன்னொருவர். இரண்டு பேரும் பிரதியை வாசிப்பதில்லை என்பதே என் புகார்.

பலாப்பழக் கணக்கை எடுத்துக்கொள்வோம். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை வரும் என்கிறது செய்யுள். மேடைப் பேச்சாளருக்குக் கைதட்டல் இத்தோடு கிடைத்துவிடும். வகுப்பறைக்கு வேலை இங்கேதான் ஆரம்பம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் நாலு பழம் வாங்கி, முள்ளை எண்ணு, அறு, சுளையை எண்ணு, அட்டவணை போடு. விதி பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் செய்யுள் எதற்கு? அடுத்து வட்டத்தின் பரப்பு: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது. இது துல்லியமான விதி. பள்ளிச் சூத்திரத்தோடு ஒத்துவருவதை மாணவரே காட்டிவிடலாம். ஒரே நூலில், ஒரே தொனியில், இரு வேறு தரத்து உண்மைகள். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் கணித வாசிப்பு.

இன்னொரு வாசிப்பும் வேண்டும். மா என்றால் இருபதில் ஒன்று. வேலி நிலத்தில் இருபதில் ஒன்றும் மா. காணி என்றால் எண்பதில் ஒன்று. நில உரிமைக்கும் காணி என்றே பெயர். இங்கே பின்னம் நிலத்தில் விளைந்தது. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியாக 1982இல் அச்சாகியுள்ளன. அவற்றைக் கணக்கதிகாரத்தோடு சேர்த்து வைத்தால் கேள்வி மாறும். யார் நிலம்? யார் கோல் பிடித்து அளந்தார்? விளைச்சலில் உழுதவருக்கு எத்தனை மா?

நூலின் பெயரிலேயே அதிகாரம் இருக்கிறது. இலக்கணப்படி அது இயல் அல்லது துறை. கிராமத்திலோ கணக்கு எழுதுவதே அதிகாரம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் பாடமானது கணக்குப்பிள்ளை ஆவதற்கும்தான். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கும்வரை கர்ணம் பதவி நீடித்தது. வயலில் யார் உழைப்பு அளக்கப்பட்டதோ அந்தச் சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. அளவைகளையும் சாதியையும் சேர்த்து வாசிக்கும் ஆய்வு செந்தில்பாபுவின் 2022 நூலில் வந்துவிட்டது. அது வகுப்பறைக்கு வரவேண்டும்.

திண்ணைப் பள்ளியை முழுக்க நிராகரிக்கச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் அதன் முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்து அதை 'மதராஸ் முறை' என்றது. மனப்பாடமும் ஒரு அறிவுமுறைதான். ஆனால் அதைக் கொண்டாடுகிறவர், அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றவரைக் கணக்கில் சேர்க்காமல் கொண்டாடக் கூடாது.

ஆக, மூலப் பிரதியை வாசிப்பது என்றால் மூன்று கேள்வி: விதி சரியா? ஏன் சரி? யாருக்காக? முதல் இரண்டைக் கணித வாத்தியார் கேட்கட்டும். மூன்றாவதைத் தமிழ் வாத்தியார் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் கேட்கத் தயாரா என்பதே என் சந்தேகம்.