பொன்னகரத்து வறுமையும் நம்மவர் தீர்ப்பும்

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' என்னும் சிறுகதை 1934ஆம் ஆண்டில் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. அச்சில் சில பக்கங்களே வரும் அக்கதையைத் தமிழுலகம் இன்றுவரை மறக்கவில்லை. எனினும், அதைப் பற்றி எழுந்த பேச்சில் பெரும்பகுதி கற்பைப் பற்றியதாகவே இருந்து வருகிறது. கதையின் முடிவில் ஆசிரியரே அச்சொல்லை எடுத்து நம் முகத்தில் எறிந்துவிடுகிறாராதலால், படிப்போர் அதையே பற்றிக்கொண்டு வாதிடுவது இயல்பே. ஆயின், கற்பைக் காட்டிலும் நம்மை உறுத்தவேண்டிய வினா ஒன்று அக்கதையில் அடங்கிக் கிடக்கிறது. பட்டணத்து ஏழை ஏழையாயிருப்பது அவன் குற்றமா, அன்றி அவனைச் சூழ்ந்த அமைப்பின் குற்றமா என்பதே அது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் புகுந்த மலேசியத் தமிழரைப் பற்றி மேடைதோறும் தீர்ப்புக் கூறிவரும் நாம், அவ்வினாவை இக்கதையின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

கதை இதுதான். இருப்புப் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில் அம்மாளு என்னும் இளம்பெண் வாழ்கிறாள். அவள் ஆலைக் கூலி. அவள் கணவன் முருகேசன் சொந்தமாக ஜட்கா வண்டி வைத்திருப்பவன். மாமியார், கொழுந்தன், குதிரை ஆகியோரைச் சேர்த்துக் குடும்பத்தில் ஐந்து உயிர்கள். இருவர் சம்பாத்தியத்தில் ஐந்து வயிறும் நிரம்பவேண்டும். வீட்டு வாடகையும் போலீஸ் மாமூலும் அதிலிருந்தே போகவேண்டும். ஒரு நாள் முருகேசன் தானும் குடித்து, குதிரைக்கும் ஊற்றி, வண்டியைப் பந்தயம் விடுகிறான். வண்டி ஒடிகிறது; குதிரை காயப்படுகிறது; அவனும் நினைவிழந்து வீடு வந்து சேர்கிறான். சற்றுத் தெளிந்ததும் பால்கஞ்சி கேட்கிறான். அம்மாளுவுக்குக் கூலி கிடைக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தண்ணீர் எடுக்கச் செல்பவள், நெடுநாளாகத் தன்மீது கண் வைத்திருந்த ஒருவனோடு இருட்டில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. அது கணவனின் கஞ்சிக்கு.

இக்கதையை நீதி போதகர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். "கண்டீரோ குடியின் கேட்டை! சொந்த வண்டியும் குதிரையும் உடையவன், ஆலையில் வேலை பார்க்கும் மனைவியை உடையவன், எதற்காக இந்நிலைக்கு ஆளானான்? குடித்தான், கெட்டான்" என்பார் அவர். இதைப் பொய் என்று தள்ள நம்மால் இயலாது. முருகேசன் குடித்தது உண்மை. அன்று அவன் குடித்தது துன்பத்தை மறக்கவுமன்று; களிப்பினால் குடித்தான் என்றே ஆசிரியர் காட்டுகிறார். ஏழையைக் குற்றமற்ற தெய்வப் பிறவியாக்கி நம் இரக்கத்தைப் பறிக்கும் எளிய வழியைப் புதுமைப்பித்தன் நாடவில்லை. கொழுந்தன் திருட்டுத்தனமாகக் கஞ்சா பிடிப்பவன் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இனி, சமுதாய அமைப்பையே குறைகூறும் அன்பர் ஒருவரிடம் அதே கதையைக் கொடுங்கள். "ஆலை முதலாளியின் கொள்ளையைப் பாரீர்! மாமூல் வாங்கும் போலீஸைப் பாரீர்! இவற்றுக்கிடையே வாழ்பவன் குடியாமல் என் செய்வான்?" என்பார் அவர். இதுவும் பொய்யன்று. ஆனால், இவர் கூற்றில் முருகேசன் என்னும் மனிதன் காணாமற் போய்விடுகிறான். ஆலையும் போலீஸும் ஆட்டியபடி ஆடும் பொம்மையாகிறான். தன் களிப்புக்காகக் குதிரையையும் குடும்பத்தையும் பணயம் வைத்தவன் அவன் என்பது மறைந்துவிடுகிறது.

இவ்விருவரும் காணத் தவறியது, கதையில் வெளிப்படையாகவே நிற்கும் ஒரு கணக்கு. கூலி வர இரண்டு நாள்; தேவை முக்கால் ரூபாய். இவ்வளவே. செல்வர் வீட்டு மைந்தன் ஒருவன் குடித்துவிட்டுத் தன் மோட்டாரை மரத்தில் மோதினால் என்ன நேரும்? வைத்தியர் வீடு தேடி வருவார். வண்டியைப் பழுதுபார்க்கப் பணம் உண்டு. பாலும் கஞ்சியும் வீட்டிலேயே உண்டு. மறுநாள் தந்தையார் சற்றுக் கடிந்துகொள்வார். குற்றம் ஒன்றே. ஒருவனுக்குத் தலைவலியோடு கழிகிறது. மற்றவனுக்கு மனைவியின் உடலை விலையாகக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை எந்த ஒழுக்க நூலைக் கொண்டு நியாயப்படுத்துவது? குடித்த குற்றம் முருகேசனுடையது. அதற்குரிய தண்டனையை இத்தனை கொடியதாக்கியது, கையில் இரண்டு நாளைக்குக்கூட மிச்சம் வையாத கூலி. தனிமனிதன் பொறுப்பு எங்கே முடிகிறது, அமைப்பின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்போர்க்கு இக்கதை தரும் விடை இதுவே என்பது நம் கருத்து.

இருட்டைப் பற்றிய குறிப்பையும் இவ்விடத்தில் நோக்கவேண்டும். பஞ்சாங்கப்படி அன்று நிலவு உண்டு. மேகம் மறைத்தால் முனிசிபாலிடி என்ன செய்யும் என்று ஆசிரியர் போகிற போக்கில் ஏளனம் செய்கிறார். அம்மாளு மறைந்த இருள் தானாக வந்ததன்று. விளக்கில்லாத சந்தின் இருள் அது. பட்டணத்தின் நிருவாகத்துக்கும் அதில் பங்குண்டு. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை விசாரிக்க வருவோர் ஒரு தெரு விளக்கையும் சேர்த்து விசாரிக்கவேண்டியிருக்கிறது!

கதையில் குறையே இல்லையோ எனின், உண்டு. ஆலையின் கதவு நமக்குத் திறக்கப்படவே இல்லை. அங்கே எத்தனை மணி வேலை, எவ்வளவு கூலி, அதை யார் நிர்ணயிக்கிறார் என்பன தெரியவில்லை. அம்மாளுவுக்கு உடன் உழைக்கும் தோழி ஒருத்திகூடக் கதையில் இல்லை. துயரம் முழுவதும் ஒரு வீட்டுக்குள்ளும் ஒரு சந்துக்குள்ளும் அடைபட்டுக் கிடப்பதால், படிப்பவர் சினங்கொள்ளலாம். அச்சினத்தைக் கொண்டு எங்கே செல்வது என்று அறிய வழியில்லை. மறு ஆண்டில் வெளிவந்த 'துன்பக் கேணி'யில் புதுமைப்பித்தன் இக்குறையைப் பெரிதும் போக்கிக்கொண்டார் எனலாம். வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. அங்கே ஆள் கட்டுவோரும், தோட்டத்து அதிகாரமும், அது பெண்ணுடலை நுகர்ந்து எறியும் விதமும் கண்முன் இயங்குகின்றன. லயத்து வாழ்வை அறிந்த நம் வாசகர்க்கு அதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குடியைப் பற்றிய பேச்சை இங்கே தொடங்கினால், கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று முதலில் கேட்கவேண்டும். மலாயாவில் அது தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது. அரசாங்க உரிமத்தோடு இருந்தது. தோட்டத்துப் பாட்டாளி குடித்தான் என்பது மெய். அவன் வீட்டருகே கடையைத் திறந்து வைத்தவர் குடிகாரர் என்ற பெயரை ஒருநாளும் பெறவில்லை என்பதும் மெய்யே.

இதை நம்மவர் அறியாமலிருக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தை நினைவுகூர்வோம். அப்போது தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. துரைமார் எதிரே சைக்கிளை விட்டிறங்காமல் செல்லும் உரிமை இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் உயிரிழந்தனர். 1947ஆம் ஆண்டில் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தபோதும் போலீஸாரோடு மோதல் மூண்டது.

கிள்ளான் கோரிக்கையின் அறிவை எண்ணிப் பார்க்கவேண்டும். எழுத்தறியாதவர் என்று இகழப்பட்ட அம்மக்கள், "நாங்கள் திருந்தவேண்டும்" என்பதையும், "எங்கள் கூலி உயரவேண்டும்" என்பதையும் ஒரே மனுவில் எழுதினர். ஒன்றைச் செய்தபின் மற்றதைச் செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அம்மாளுவுக்குக் கதையில் கிட்டாத தோழர் கூட்டம் அவர்களுக்குக் கிட்டியிருந்தது. கற்றவராகிய நாம்தான் அவ்விரண்டையும் பிரித்து, ஒன்றை மேடைக்கும் மற்றதைத் தொழிற்சங்கத்துக்கும் பங்கிட்டுவிட்டோம்.

பிறகு நேர்ந்ததை நாடறியும். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969 முதல், குடியுரிமை பெறாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பலர் பிழைப்பை இழந்தனர். பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்குமாகத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. ஏனைய தொழிலாளி வேலை இழந்தால் வேலையை மட்டும் இழப்பான். தோட்டத் தொழிலாளிக்கோ வீடு தோட்டத்துடையது. ஆதலால் வேலை போன அன்றே வீடும் போயிற்று. கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கூடவே போயின. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. அவ்வாறு வாழ்ந்தவன் எதைச் சேர்த்து வைத்துப் பட்டணத்தில் வீடு வாங்குவான்? புறம்போக்குக் குடிசையும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடியுமே அவனுக்கு எஞ்சின.

நாட்டின் நிருவாகத் தலைநகராகிய புத்ராஜெயாவைப் பாருங்கள். பிராங் பெசார் தோட்டம் முதலியவை இருந்த நிலத்தில் 1990களில் எழுந்த நகரம் அது. 1999ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபுகுந்தது. அம்மண்ணில் பால்மரம் வெட்டிய குடும்பங்களோ டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. நம் காலத்துப் பொன்னகரம் எதுவென்று தேடுவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

அடுக்குமாடியில் வாழும் இம்மக்களைப் பற்றி இன்று நாம் என்ன கூறுகிறோம்? "குடிக்கிறார்கள்; பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள்; வட்டி முதலைகளிடம் கடன் வாங்கித் திருவிழாக் கொண்டாடுகிறார்கள்" என்கிறோம். இப்பேச்சுக்கு அரசாங்கக் கணக்கும் துணை நின்றதுண்டு. 2016ஆம் ஆண்டில் மலேசியாவில் 0.4 விழுக்காட்டுக் குடும்பங்களே வறுமையில் உள்ளன என்று அக்கணக்குக் கூறிற்று. குடும்பம் ஒன்றுக்கு மாதம் 980 ரிங்கிட் என்பதே அன்றைய வறுமைக்கோடு. 2019ஆம் ஆண்டில் நாட்டைப் பார்வையிட்ட ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இக்கணக்கை ஏற்க மறுத்தார். 2020இல் அரசாங்கமே கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. புதிய கோலால் அளந்தபோது அதே 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடாயிற்று. ஏழை எவனும் இடையில் புதிதாகக் குடிக்கத் தொடங்கவில்லை, அளவுகோல்தான் மாறியது. நூறு குடும்பத்தில் அரைக் குடும்பம்கூட ஏழையில்லை என்று நம்பும் நாட்டில், எஞ்சிய ஏழை தன் குற்றத்தாலேயே ஏழை என்று சொல்லிவிடுவது எளிது. ஏழெட்டுக் குடும்பம் என்று தெரிந்தபின் அவ்வாறு சொல்ல நா எழாது.

முன்னாளில் வறுமைக்குக் காரணம் கேட்டால் 'தலைவிதி' என்றனர். முற்பிறவியின் பயன் என்றனர். அறிவியக்கங்கள் தோன்றி அச்சொல்லின் முகமூடியைக் கிழித்தன. ஆனால், விதியை மறுத்த நம்மிற் பலர், அது காலிசெய்த நாற்காலியில் 'சோம்பல்' என்றும் 'ஒழுக்கக் கேடு' என்றும் வேறு சொற்களை அமர்த்திவிட்டோம். பழைய சொல் செய்த பணியையே இவையும் செய்கின்றன. முன்பு முற்பிறவியைக் காட்டித் தப்பிக்கொண்ட செல்வர், இன்று மதுக் குப்பியைக் காட்டித் தப்பிக்கொள்கிறார்.

இதனால் குடியை விடச் சொல்வது வீண் என்று நாம் கூறவில்லை. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனுக்கு எந்த அமைப்பும் சாக்காகாது. பிள்ளையின் புத்தகக் காசைச் சூதில் இழப்பவனை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயின், கண்டிப்பவர் கணக்கையும் கேட்கக் கடமைப்பட்டவர். பெரும்பாலான தொழில்களுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மலேசியாவில் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். நாடு விடுதலை பெற்ற 1957க்கும் அதற்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த 55 ஆண்டுகளில் ஏழைகளுக்குச் சிக்கனத்தைப் போதித்த கூட்டங்கள் எத்தனை, கூலியைக் கேட்ட கூட்டங்கள் எத்தனை என்று நம் சங்கங்கள் தம் பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் இளம் எழுத்தாளருக்கும் ஒரு சொல். பட்டணத்து ஏழையைப் பற்றி எழுதப் புகுவீராயின், அவன் குடித்ததை மறைக்காதீர். மறைத்தால் கதை பொய்யாகும். அவனுக்குச் சம்பள நாள் எது, வாடகை எவ்வளவு, வாங்கிய கடனுக்கு வட்டி என்ன, அவன் வீட்டை இடித்தவர் யார், அவன் தெருவில் விளக்கு எரிகிறதா என்பவற்றையும் விடாதீர். புதுமைப்பித்தன் மூடியே வைத்த ஆலைக் கதவையும் திறந்து காட்டுவீர். முக்கால் ரூபாய்க் கணக்கை எழுதாமல் அம்மாளுவின் கதையை எழுதியிருந்தால், அது ஒழுக்கம் கெட்ட ஒருத்தியின் கதையாகவே நமக்குப் பட்டிருக்கும்.