ஒரு நிரலில் ஒரு மொழி: உறவுமுறைத் தரவுத்தள வடிவமைப்பும் நகரிப் பகுதியின் இருமொழியமும்

மொழியாய்வுக்கெனத் திரட்டப்படும் தரவுகளைக் கணிப்பொறியில் அட்டவணைகளாகச் சேமிக்கும் வழக்கம் இன்று ஆய்வு நிறுவனங்களில் வேரூன்றிவிட்டது. அவ்வட்டவணைகளின் நிரல்களை யார், எந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் வகுத்தனர் என்னும் வினா மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது. நிரல்களை வகுப்பது எழுத்தர் பணி என்றும், அவற்றை நிரப்புவதே ஆய்வாளர் பணி என்றும் ஓர் எண்ணம் நிலவுகிறது. இவ்வெண்ணம் தவறானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதனை நிறுவுவதற்கு ஆந்திரப் பிரதேசத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரிப் பகுதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல இல்லங்களில் ஒரே அடுப்பங்கரையில், வழங்கும் நெசவூர்ப் பகுதி அது.

முதற்கண் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலேயே உறவுமுறைத் தரவு மாதிரி முன்வைக்கப்பட்டது. அவர் கூறும் ‘உறவு’ கணக் கோட்பாட்டைச் சார்ந்தது. அஃது அட்டவணையையே குறிக்கும். அட்டவணைகள் ஒன்றோடொன்று உறவு கொண்டிருப்பதால் இப்பெயர் அமைந்தது எனப் பலரும் விளக்குவது பொருந்தாது. தமிழில் ‘உறவு’ என்றதும் மாமன், மைத்துனன் நினைவுக்கு வருவதால் இப்பிழை இன்னும் எளிதாகப் பரவுகிறது. ஆயினும் ‘சார்பு’ என்னும் சொல்லில் தமிழுக்கு ஓர் ஊதியம் உண்டு. பள்ளிக் கணக்கு நூல்களில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்னும் பாடத்தைக் கற்றோர், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ஒரு நிழலுரு அமையும் உறவே சார்பு என்பதை அறிவர். ஊர் இன்னதெனத் தெரிந்தால் மாவட்டம் ஒன்றேயாகத் தெரியவரும் எனின், மாவட்டம் ஊரைச் சார்ந்து நிற்கிறது. கணிதச் சார்பையும் சார்ந்து நிற்றலையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. தரவுத்தள வடிவமைப்பின் இதயம் இந்தச் சார்பே.

இனி ஓர் அட்டவணையைக் கற்பனை செய்து கொள்வோம். களப்பணியாளர் ஒருவர் நகரிப் பகுதியின் நெசவுச் சொற்களைத் திரட்டுகிறார். தகவலாளர், ஊர், மாவட்டம், தாய்மொழி, கருத்து, தமிழ்ச்சொல், தெலுங்குச்சொல் என ஏழு நிரல்கள் வகுத்துக்கொள்கிறார். பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் மாவட்டம் தகவலாளரைச் சாராமல் ஊரையே சார்ந்திருப்பதால், புத்தூரில் நூறு சொற்கள் திரட்டினால் சித்தூர் மாவட்டம் என்பது நூறு முறை எழுதப்படும். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது புத்தூரும் வடமாலப்பேட்டையும் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. நகரி, நிண்டிரா, விஜயபுரம் ஆகியன சித்தூரிலேயே நின்றன. நூறு நிரைகளில் ஒன்று திருத்தப்படாது விடுபட்டாலும் புத்தூர் இரண்டு மாவட்டங்களில் இருப்பதாக அட்டவணை கூறும். மூன்றாம் இயல்பு வடிவம் எனப்படுவது இத்தகைய முரணைத் தவிர்க்கவே ஊரையும் மாவட்டத்தையும் தனி அட்டவணையாகப் பிரிக்கச் சொல்கிறது.

பிரித்த பின்னரும் சிக்கல் தீர்வதில்லை. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன் இப்பகுதி வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி அங்கேயே நின்றது. எனவே மாவட்டம் ஊரை மட்டுமன்றிக் காலத்தையும் சார்ந்தது. தொடக்க நாளும் இறுதி நாளும் இல்லாத ஊர்-மாவட்ட அட்டவணை, பழைய ஆவணங்களோடு ஒப்பிடுவதற்குப் பயன்படாது. மேலும், நகரி சட்டமன்றத் தொகுதி மேற்கூறிய ஐந்து மண்டலங்களையும் உள்ளடக்கியதாதலின் இன்று இரு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மாவட்டத்தினுள் தொகுதி, தொகுதியினுள் மண்டலம் என மரக்கிளை போல அடுக்கும் அமைப்பு இங்கே முறிந்துவிடுகிறது. 1960களில் வழக்கிலிருந்த மரவுருத் தரவு அமைப்புகளைக் காட் குறைகூறியதன் நியாயம் நகரியில் கண்கூடாகிறது.

ஊர்ப்பெயரையே திறவுகோலாகக் கொள்வதும் இயலாது. சித்தூர் ஆந்திரத்தில் ஒன்று, தமிழ் வழங்கும் பாலக்காட்டுப் பகுதியில் ஒன்று. புத்தூர்கள் பல. ‘நகரி’ ஓர் எழுத்துமுறையின் பெயருமாகும். இடுகுறி எண்ணே தக்க திறவுகோல் என்பர் வல்லுநர். திராவிட மொழியியலில் நமக்கு இதற்கொரு பாடம் உண்டு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் பதிவெண்களையே அறிஞர்கள் மேற்கோளாகக் காட்டினர். அவ்வெண்கள் அகர வரிசையைப் பின்பற்றியவை, அதாவது பொருளேற்றிய எண்கள். புதிய பதிவுகள் சேர்ந்து 1984இல் திருந்திய பதிப்பு வந்தபோது எண்கள் மாறின. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியல் தேவையாயிற்று. திறவுகோலுக்குப் பொருள் ஏற்றினால் நேரும் தொல்லை இது.

சொல் நிரல்களுக்கு வருவோம். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் முன்முயற்சியில் உருவான தெலுங்குத் தொழிற்சொல் வட்டார அகராதியின் நெசவுத் தொகுதி 1971இல் வெளிவந்தது. அச்சு நூலாயினும் ஒரு கருத்துக்குப் பல வடிவங்கள், ஒரு வடிவத்துக்குப் பல இடங்கள் என்னும் பலவற்றுக்குப் பல தொடர்பை அது ஏற்றுக்கொண்டது. நம் ஏழு நிரல் அட்டவணையோ ஒரு கருத்துக்கு ஒரு தமிழ்ச்சொல், ஒரு தெலுங்குச்சொல் என விதித்துவிடுகிறது. நெசவாளர் ஒருவர் தமிழில் உரையாடுகையில் தறி என்றும் மக்கம் என்றும், பாவு என்றும் படுகு என்றும் மாறி மாறிக் கூறுவதாகக் கொள்வோம். ‘படுகு’ எந்த நிரலில் இடம்பெறும்? தெலுங்கு நிரலில் இட்டால் அவர் தமிழில் அதனை வழங்கினார் என்னும் செய்தி அழிகிறது. தமிழ் நிரலில் இட்டால் அதன் மூலம் மறைகிறது. வழக்கு ஒரு பொருள். அவ்வழக்கு எம்மொழிக்குரியது என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. இரண்டும் தனித்தனி அட்டவணைகளில் நிற்கவேண்டும். தீர்ப்புக்கு உரியவர் யார் என்பதும் அங்கே பதிவாகவேண்டும்.

வெற்றிடம் பற்றியும் ஒரு சொல். தமிழ்ச்சொல் நிரல் வெறுமையாக இருந்தால், சொல் இல்லையா, கேட்கப்படவில்லையா, தகவலாளருக்குத் தெரியவில்லையா? காட் பிற்காலத்தில், இருக்கவேண்டியது கிட்டாமையையும் இருப்பதற்கே இடமில்லாமையையும் வேறுபடுத்தினார். தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறது. எழுவாய்க்கு உருபே இல்லை. இரண்டிடத்தும் காதில் விழுவது வெறுமையே, ஆயினும் இலக்கணம் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை.

இதுவரை கூறியவை வடிவமைப்பாளர் உடன்படத் தக்கவை. வேறுபாடு ‘தாய்மொழி’ நிரலில்தான் தொடங்குகிறது. தகவலாளர் அறியப்பட்டால் தாய்மொழி ஒன்றேயாக அறியப்படும் என்னும் சார்பை ஏற்றுக்கொண்டால், அந்நிரல் எல்லா இயல்பு வடிவங்களுக்கும் உட்பட்டுக் குற்றமற்று விளங்கும். இயல்பாக்கக் கோட்பாடு, கொடுக்கப்பட்ட சார்புகளுக்கு ஏற்ப அட்டவணை பிரிக்கப்பட்டுள்ளதா என்று மட்டுமே சோதிக்கும். அச்சார்பு உலகில் உண்மையா என்று அது கேட்பதில்லை; கேட்கவும் இயலாது. பாடநூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுவது பெருங்குறை. ஊழியர், துறை, ஊதியம் போன்ற எடுத்துக்காட்டுகளில் சார்புகள் அலுவலக விதிகளால் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. மொழிக்கு அத்தகைய விதி இல்லை.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்விதியைத் தானே இயற்றிக்கொண்டது. குழந்தைப் பருவத்தில் தாய் ஒருவரிடம் பேசிய மொழி அவர் தாய்மொழி; தாய் இளமையிலேயே இறந்திருப்பின் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி. தாய் இரு மொழிகளில் பேசியிருந்தால் அவற்றுள் ஒன்றே பதிவாகும். இதனோடு, அறிந்த பிற மொழிகள் இரண்டு வரை தேர்ச்சி வரிசையில் பதியப்படும். முதல் மொழி, இரண்டாம் மொழி என ஒரே வகைச் செய்திக்கு எண்ணிட்ட நிரல்கள் அமைப்பது தரவு வடிவமைப்பின் முதற்பாடத்திலேயே விலக்கப்படுவது. உருது பேசும் நகரிவாசி ஒருவர் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் அறிந்தவராயின் ஒரு மொழி படிவத்தினின்று உதிர்ந்துவிடும். உதிர்வது தமிழாக இருத்தல் கூடும்.

2011 கணக்கெடுப்பில் மக்கள் கூறிய தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு 1,369 ஆகி, பின்னர் 121 மொழிகளின்கீழ்த் தொகுக்கப்பட்டன. எருக்கலா, கைக்காடி, கொரவா ஆகியன தமிழின்கீழ் அடங்கின. தாய்மொழிப் பெயரையும் மொழியையும் தனித்தனியே வைத்து இணைத்தது நல்ல வடிவமைப்பே. ஆனால் இறுதி அட்டவணையில் ‘தமிழ்’ என்னும் எண்ணை மட்டும் காண்போர், ஆந்திரத்தில் எருக்கலா பேசுவோர் அதனுள் உள்ளனர் என்பதை அறியார்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. சிறுபான்மை மொழிவழித் தொடக்கக் கல்விக்கு, வகுப்பில் 10 மாணவர் அல்லது பள்ளியில் 40 மாணவர் என்னும் அளவு 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டது. 1956இல் அரசியலமைப்பில் 350அ பிரிவு சேர்ந்தது. ஒரு குழந்தையின் பெயர்க்கு எதிரே எழுதப்படும் ஒற்றைச் சொல் அந்த நாற்பதின் பக்கம் சேரும், அல்லது சேராது. தாய் தமிழும் தந்தை தெலுங்கும் பேசும் வீட்டுக் குழந்தைக்குத் ‘தெலுங்கு’ என எழுதுவது பொய்யன்று. ஆயினும் அதனால் தமிழ்ப்பிரிவு ஒரு மாணவரை இழக்கிறது.

நபர், மொழி, கற்ற சூழல், கூறியவர், கூறிய நாள் எனத் தனி அட்டவணை அமைத்து, ஒருவர்க்கு எத்தனை நிரைகள் வேண்டுமாயினும் இடமளிப்பதே தக்கது. ஒரு குழந்தை இருமுறை எண்ணப்படும் என நிருவாகிகள் மறுப்பர். மறுப்பு வலுவற்றது. தமிழ் கற்பிக்கத் தக்க மாணவர் எத்தனை பேர் என்பதே அங்கே வினா. மக்களை மொழிவாரியாகக் கூறுபோடுதல் அன்று. ஒவ்வொரு மொழிக்குமான விழுக்காடுகளைக் கூட்டினால் 100 வரவேண்டும் என்பது நகரியின் இயல்பன்று. அச்சிட்ட அட்டவணையின் இயல்பு. 121 கோடி மக்களைக் கணக்கிட்ட பணியில் இதனை முழுமையாகக் கைக்கொள்ளுதல் எளிதன்று என்பதையும், களப்பணியாளரின் சுமை பெருகும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சில நூறு தகவலாளரைக் கொண்டு நடைபெறும் மொழியாய்வுகளுக்கு அச்சமாதானம் பொருந்தாது. இவற்றின் படிவங்களும் கணக்கெடுப்பைப் பின்பற்றித் தாய்மொழிக்கு ஒரே கட்டம் வைத்திருப்பதற்கு, பழைய படிவத்தைப் படியெடுக்கும் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.