காலமும் சாட்சியமும்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பயில்வோர்க்கு முதலில் எழும் ஐயங்களுள் ஒன்று, இறந்தகாலத்தில் எழுதுவதா நிகழ்காலத்தில் எழுதுவதா என்பது. பாடநூல்கள் எளிய விடை தருகின்றன: நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு இறந்தகாலம், பொது உண்மைக்கும், ஒரு நூல் சொல்வதை எடுத்துரைப்பதற்கும் நிகழ்காலம்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதியதன்று. 'காலல்லாஹு தஆலா', 'கால ரசூலுல்லாஹ்' என அரபியில் இரண்டிடத்தும் இறந்தகால வினையே நிற்க, தமிழில் நாம் 'அல்லாஹ் கூறுகிறான்' என்றும் 'நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்' என்றும் பிரித்தே எழுதி வருகிறோம். இறைவாக்கு என்றும் ஒலிப்பது. ஹதீஸோ ஒருவர் கேட்டு மற்றவர்க்கு அறிவித்த சாட்சியம். ஆக, காலத்தைத் தேர்வது இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை. எழுதுபவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

ஜார்ஜ் ஆர்வெல் 1939இல் வெளியிட்ட 'மராகேஷ்' என்னும் கட்டுரை இதற்குத் தக்க சான்று. பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த மொராக்கோவில் சில மாதங்கள் தங்கிய அனுபவத்தின் விளைவு அது. ஆளப்படும் மக்கள் ஆள்வோரின் கண்ணுக்குப் புலப்படாமற்போவதே பேரரசுகளின் அடித்தளம் என்று அது வாதிடுகிறது. நோக்கம் நேர்மையானது; ஐயமில்லை.

விறகு சுமக்கும் மூதாட்டியர் பகுதியைப் பாருங்கள். நாள்தோறும் அவர்கள் வரிசையாகச் செல்வது நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது. அங்கே முகங்கள் இல்லை. வரிசை மட்டுமே உண்டு. பின்னர் ஒருநாள் அவர்களுள் ஒருவரை நிறுத்திச் சிறு நாணயம் கொடுத்ததை ஆர்வெல் இறந்தகாலத்தில் சொல்கிறார். வியப்பால் அவர் எழுப்பிய குரல் நம் காதில் விழுகிறது. ஒரு மனிதர் அங்கே தோன்றிவிடுகிறார்.

ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் ஜனாஸாக் காட்சியில் இதே நிகழ்காலம் இடறுகிறது. கண்முன் சென்ற ஊர்வலத்தை இறந்தகாலத்தில் தொடங்கியவர், உடனே நிகழ்காலத்துக்கு மாறி, இங்கே உடல்களைப் பெட்டியில் வைப்பதில்லை, கந்தலில் சுற்றுகிறார்கள், புதைகுழிக்குப் பெயரோ அடையாளமோ இல்லை என்று பொதுவிதி வகுக்கிறார். வாசகர் இதனை வறுமையின், புறக்கணிப்பின் அடையாளமாகவே கொள்வர். கஃபன் துணியில் பெட்டியின்றி அடக்குவது ஏழைக்கும் அரசனுக்கும் ஒன்றான மார்க்க நெறி என்பது அங்கே இடம்பெறவில்லை. 2005இல் சவூதி மன்னர் ஃபஹத், ரியாத் மையவாடியில் பெயர் பொறிக்கப்படாத கப்ரில்தான் அடக்கம் செய்யப்பட்டார். மொராக்கோவின் வறுமை உண்மை. ஆனால் அதற்கு இந்தக் கப்ருகள் சான்றாகா.

கண்டதைக் 'கண்டேன்' என்று எழுதியவரை ஆர்வெல் நம்பத்தக்க சாட்சி. 'இங்கே இப்படித்தான்' என்று எழுதியபோது, யாருக்காக வாதிட்டாரோ அவர்களையே அவர் பார்க்கத் தவறினார். ஆங்கிலத்தில் எழுத முனையும் நம் இளைஞர்கள் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிற மக்களைப் பற்றி நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் எழுதுமுன், இதை ஒருமுறை கண்டோமா, என்றும் உள்ளதென அறிந்தோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும். ஒருமுறை கண்டதாயின், இறந்தகாலமே அமானிதம்.